எண்ணெய் மேடையை நெருங்கும் துணைக் கப்பலில் வழிகாட்டுக் கருவிகளைக் கையாளும் முறை

ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்ற தூத்தூர், வள்ளவிளை, நீரோடி முதலிய கேரள எல்லையோரக் கடற்கரை ஊர்களிலிருந்து, மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை போன்ற எண்ணெய் வயல்களில், மேடைகளுக்கு உதவியாக ஓடும் துணைக் கப்பல்களின் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) வாட்ச் (முறைக் காவல்) பார்க்கச் செல்லும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ஆலயக் கோபுரத்தையும் அதன் பின்னே தெரியும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் நிறுத்தி, வேறொரு திசையில் இன்னொரு சோடி அடையாளத்தையும் பார்த்த பிறகே நம் பெரியவர்கள் கடலடிப் பாரின் (பாறைத் திட்டின்) இடத்தை உறுதிசெய்தார்கள். எண்ணெய் மேடையை நெருங்கும் கப்பலும், ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் தன் இடத்தை அறிந்திருக்க வேண்டும்.

மின்னணு வரைபடம், ஏஐஎஸ் (கப்பல் தன் அடையாளத்தையும் இடத்தையும் தானே ஒலிபரப்பும் கருவி), ரேடார் திரைமீது விழும் வரைபடப் படிமம் ஆகிய மூன்றும் ஒத்துப்போவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மூன்றுக்கும் இடத்தைத் தருவது பெரும்பாலும் ஒரே ஜிபிஎஸ்தான். அது தவறினால் மூன்றும் ஒருசேரத் தவறும். ஆகவே, வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிலையான மேடை ஒன்றின் தூரத்தையும் திசைக்கோணத்தையும் ரேடாரில் அளந்து, ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு ஒப்பிடுங்கள். திசைக்கோணம் கைரோவை (வடதிசை காட்டும் சுழல் திசைகாட்டியை) நம்பியிருப்பதால், வாட்சுக்கு ஒரு முறையாவது சூரியனையோ நட்சத்திரத்தையோ கொண்டு கைரோ பிழையைக் கணக்கிடுங்கள். வானம் மூடியிருந்தால், மூன்று மேடைகளின் தூரங்களை மட்டும் எடுத்தாலே இடம் கிடைத்துவிடும்.

பயணத் திட்டத்தில் கடைசி வழிப்புள்ளியை மேடையின் மீதே வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். எஞ்சின் கட்டுப்பாடு நின்றுபோனாலும், அதிகாரி தடுமாறினாலும், கப்பல் மேடையைத் தொடாமல் விலகிச் சென்றுவிடும்.

தென்மேற்குப் பருவமழையில் 10 செ.மீ. அலைநீள ரேடார் மழையை ஊடுருவி நன்றாகக் காட்டும், 3 செ.மீ. ரேடார் சிறு பொருள்களைத் துல்லியமாகக் காட்டினாலும் மழையில் திணறும். மழைச் சிதறலை அடக்கும் குமிழைக் கூடுதலாகத் திருப்பினால், மேடையைச் சுற்றி மீன் தேடி வரும் ஃபைபர் வள்ளங்களும் மரப் படகுகளும் திரையிலிருந்து மறைந்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு ஏஐஎஸ் இராது. கண்ணால் தேடுவதை விட்டுவிடாதீர்கள். அந்தப் படகுகளில் இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம்.

மேடையின் வெள்ளை விளக்கு, இரண்டு குறும் ஒளியும் ஒரு நெடு ஒளியுமாக, அதிகபட்சம் 15 விநாடிக்கு ஒரு முறை மின்னும். மோர்ஸ் முறையில் அது 'நீங்கள் ஆபத்தை நோக்கிச் செல்கிறீர்கள்' என்ற எச்சரிக்கை. மூடுபனியில் அதே தாளத்தில் ஊதொலி கேட்கும்.

மேடையைச் சுற்றிய 500 மீட்டர் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நின்று, உந்திகளையும் டிபி அமைப்பையும் (உந்திகளைக் கணினியால் இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் அமைப்பு) சோதித்து, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து, மேடையின் அனுமதி பெற்ற பின்பே உள்ளே செல்ல வேண்டும். எஞ்சின் நின்றால் கப்பல் மேடையிலிருந்து விலகி மிதக்கும் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையைக் காற்று வந்து மோதும் பக்கமாக நெருங்கிய கப்பல், எரிவாயுக் குழாயில் மோதித் தீப்பற்றியதில் 22 பேர் மாண்டார்கள்.

இரண்டாம் வகுப்பு டிபி கப்பலில் (ஒரு கருவி பழுதானாலும் இடம் தவறாத வகையில்) இடமறியும் முறைகள் மூன்று இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. மேடையின் இரும்புச் சட்டங்கள் வானத்தை மறைப்பதால், அதன் அடியில் கப்பலிலுள்ள இரண்டு ஜிபிஎஸ்களும் ஒன்றாகவே செயற்கைக்கோள்களை இழக்கலாம். லேசர் கதிர் பட்டுத் திரும்புவதைக் கொண்டு இடமறியும் கருவியோ, மேடையில் பொருத்திய பிரதிபலிப்பானை விட்டுவிட்டு, அவ்வழியே நடந்து செல்லும் தொழிலாளியின் சட்டையில் மின்னும் பட்டையைப் பற்றிக்கொள்வதுண்டு. அவர் நடந்தால் கப்பலும் நகர முற்படும். பிரதிபலிப்பானை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைக்கும்படி முன்கூட்டியே கேளுங்கள். கருவியின் கண்ணாடியில் படியும் உப்பை வாட்ச் தொடங்குமுன் துடையுங்கள்; சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில், அதன் திசையில் பார்க்கும் லேசரை நம்பாதீர்கள்.

இரண்டு கருவிகள் முரண்பட்டால், எது சரி என்று மேடையருகே நின்று ஆராய வேண்டாம். உடனே கேப்டனை அழைத்து, விஎச்எஃப் வானொலியில் மேடைக்குத் தெரிவித்து, மேடையோடு குழாய் இணைப்பு இருந்தால் கழற்றச் செய்து, 500 மீட்டருக்கு வெளியே வந்த பிறகு பழுதைத் தேடுங்கள்.