கிரிக்கெட் வழியாக ஆங்கில மரபுத்தொடர்கள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பொருள் மனத்தில் பதியும். ஆனால் அவற்றை யாரிடம், எந்தச் சூழலில் சொல்லலாம் என்பதை எந்தப் பட்டியலும் கற்றுத் தருவதில்லை. ஒரு தொடர் எந்த வழக்கத்திலிருந்து பிறந்தது என்று தெரிந்தால்தான் அந்த நிதானம் கைவரும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கிரிக்கெட் ஆட்டத்திலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்த தொடர்கள் ஏராளம். ஆட்டம் நமக்கு முன்பே தெரியும் என்பதால், தமிழ் மாணவர் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 1: தொடருக்குப் பின்னால் உள்ள காட்சியைக் காணுங்கள்

'ஸ்டிக்கி விக்கெட்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆடுகளத்தை மழையிலிருந்து மூடிக் காக்கும் ஏற்பாடு இல்லாத காலத்தில், நனைந்த களம் வெயிலில் காயத் தொடங்கும்போது ஒரு பந்து முகத்துக்கு நேரே எகிறும், அடுத்த பந்து எதிர்பாராத திசையில் திரும்பும். எவ்வளவு தேர்ந்த மட்டையாளரும் அதில் திணறுவார். ஆகவே, இக்கட்டில் மாட்டிக்கொண்டவரை 'ஹீ இஸ் ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்' என்கிறார்கள். அங்கே 'இன்' வராமல் 'ஆன்' வருவது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மட்டையாளர் அந்தக் களத்தின் மேல்தானே நிற்கிறார்!

'ஆஃப் ஹர் ஓன் பேட்' என்பதும் அப்படித்தான். உதிரி ஓட்டங்கள் அணிக்குச் சேரும். தன் மட்டையில் பட்டு வந்த ஓட்டங்களே ஆட்டக்காரர் கணக்கில் ஏறும். எனவே, யாரும் கேட்காமல் ஒருத்தி தானாக முன்வந்து ஒரு வேலையைச் செய்தால், 'ஷீ டிட் இட் ஆஃப் ஹர் ஓன் பேட்' என்பார்கள்.

படி 2: யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் கடந்துபோய்விடும் படி இது. 'ஹீ ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பது நீண்ட நாள் வாழ்ந்து இறந்த முதியவரைப் பற்றியோ, நெடுங்காலப் பணியை முடித்து ஓய்வு பெறுபவரைப் பற்றியோ சொல்லப்படுவது. நம் ஊரில் 'கல்யாணச் சாவு' என்று சொல்வதில் உள்ள நிறைவு இதிலும் உண்டு. அதே எச்சரிக்கையும் தேவை. இளவயதில் இறந்தவரைப் பற்றி இதை ஒருபோதும் சொல்லக் கூடாது. முதியவரே ஆனாலும், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தினர் தாமாகச் சொல்லும்போது ஆமோதிப்பதே நாகரிகம். நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவர்களுடைய இழப்பைச் சிறிதாக்குவது போலாகும்.

'இட்ஸ் நாட் கிரிக்கெட்' என்பதற்கும் இந்தக் கவனம் வேண்டும். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்பர்னில், கடைசிப் பந்தில் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் ஆட்டத்தைச் சமன் செய்துவிடலாம் என்ற நிலையில் நியூசிலாந்து இருந்தபோது, ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சேப்பல் தன் தம்பி டிரெவரைக் கைதாழ்த்தித் தரையோடு பந்தை உருட்டச் சொன்னார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தின் அறத்துக்கு அது ஒவ்வாதது. விதிக்கு உட்பட்டும் நியாயமற்றதாக இருக்கும் இத்தகைய செயலையே இத்தொடர் சுட்டுகிறது. இன்று இது சற்றுப் பழைய பாணியாக ஒலிக்கும் என்பதால், படித்துப் புரிந்துகொள்ளுங்கள். பேச்சில் அரிதாகவே பயன்படுத்துங்கள்.

படி 3: காது பழகட்டும்

பிபிசி வானொலியில் 1957 முதல் ஒலிபரப்பாகும் 'டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்' வருணனையைக் கேளுங்கள். ஆட்டம் மெதுவாக நகரும்போது வருணனையாளர்கள் வானிலை, புறாக்கள், நேயர்கள் அனுப்பிய கேக் என்று இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்; பாடநூலில் கிடைக்காத உரையாடல் ஆங்கிலம் அது. சிறு பகுதியை மட்டும் இருமுறை கேட்டு, ஒரே ஒரு தொடரைத் தேர்ந்து, உங்கள் வீடு, அலுவலகம், கடைத்தெரு ஆகியவற்றைப் பற்றி அதை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். பிறகு பிரிட்டிஷ் நாளிதழின் அரசியல் பக்கத்தைப் புரட்டினால், அமைச்சர் ஒருவர் 'ஆன் தி பேக் ஃபுட்' என்று வருணிக்கப்படுவதைக் காண்பீர்கள். தற்காப்பு நிலைக்குத் தள்ளப்பட்டார் என்பது உங்களுக்கு உடனே விளங்கும்.

படி 4: எதிரில் இருப்பவரின் நாட்டைக் கவனியுங்கள்

அமெரிக்கருக்கு இத்தொடர்களில் பல புரியாமல் போகலாம், ஏனெனில் அவர்களுடைய பேச்சில் பேஸ்பால் ஊறியிருக்கிறது. தோராய மதிப்பீட்டை, பேஸ்பால் மைதானத்தைக் குறிக்கும் 'பால்பார்க்' என்ற சொல்லை வைத்து, 'பால்பார்க் ஃபிகர்' என்பார்கள். பொறுப்பை ஏற்க முன்வருவதை 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்பார்கள், ஏனென்றால் பந்தை எதிர்கொள்ளும் ஆட்டக்காரர் 'ஹோம் ப்ளேட்' என்ற, தரையில் பதித்த தட்டின் அருகேதான் வந்து நிற்க வேண்டும். அமெரிக்க நிறுவனத்தில் பணிபுரிபவர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையாவது முழுமையாகப் பார்த்துவிடுவது நல்லது. எழுதும்போது இன்னொரு வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள்: கிரிக்கெட்டில் ஒருமைக்கும் பன்மைக்கும் 'இன்னிங்ஸ்' என்றே எழுத வேண்டும், பேஸ்பாலில் ஒன்றைக் குறிக்கும்போது 'இன்னிங்' என்று எழுத வேண்டும்.