கொரோனா காலத்தில் மாலைதீவுக்கு: முதலில் பார்க்க வேண்டியிருந்தது பிசிஆர் அறிக்கையில் பெயரை

கொழும்பிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மாலைதீவின் தலைநகர் மாலே போய்விடலாம். ஆனால் கொரோனா காலத்தில் பறப்பதைவிட தாள்கள்தான் நேரத்தைத் தின்றன.

2021 டிசம்பரில் நாங்கள் போனபோது, புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் (கொரோனா தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அறிக்கை கேட்டார்கள். இந்தக் கணக்கு மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ஓடியது, அறிக்கை கைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. 2022 மார்ச்சில் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த விதியை நீக்கிவிட்டார்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். பரிசோதனை நிலையத்திலோ என் மனைவியின் அறிக்கையில் ஒற்றை முதலெழுத்தோடு முடித்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டி பிடித்து, நிலையம் மூடுவதற்குள் ஓடிப்போய்த் திருத்தி வாங்கினேன். நெஞ்சு படபடத்தது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் இப்படிப் பரிசோதனை அறிக்கை எப்போதாவது எடுக்க நேர்ந்தால், படிவம் நிரப்பும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். கடவுச்சீட்டு இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள். அச்சடித்த பிரதி ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், தொலைபேசி சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை.

அப்புறம் அறை பதிவு. கொஞ்சம் விலை கூடினாலும் திகதி மாற்றக்கூடியதையே எடுங்கள். 2021 மே 13 முதல் இலங்கை உட்பட தெற்காசிய நாட்டவருக்குச் சுற்றுலா விசா கொடுப்பதையே மாலைதீவு நிறுத்தியது, ஜூலை நடுப்பகுதியில்தான் திரும்பத் திறந்தது.

தீவில் தொற்று உறுதியானால் அப்போது தனிமைப்படுத்தினார்கள். அந்த நாட்களின் அறை வாடகை யார் தலையில் விழும் என்பதைப் பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.