பழைய கார் பார்க்கக் காலையில் போங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரை வாங்குவதாக இருந்தால், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சூடான இஞ்சின் பல நோய்களை மறைத்துவிடும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஆறிய நிலையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் காப்பிப்பால் போலக் கூழ் ஒட்டியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்குமோ என்று சந்தேகம்தான். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்கட்டும். முதலில் மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அதாவது இஞ்சின் இறக்கும் செலவு. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடவிட்டு) ஆயில் மூடியைத் திருகி எடுத்து, வாயின்மேல் தலைகீழாக வையுங்கள். அது துள்ளி விழுந்தால் உள்ளே கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) கசிகிறது.

பழைய மாருதி 800, ஆல்ட்டோ 800 சிசி, சான்ட்ரோ போன்றவற்றில் இஞ்சின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்குவது டைமிங் பெல்ட்; அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையா? மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையில் கழியுங்கள். ஸ்விஃப்ட் டீசல் 1.3-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின்; ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்று சத்தம் தொடர்ந்தால் அதற்கும் செலவுண்டு.

ஆனால் இஞ்சினைப் பழுதுபார்த்துவிடலாம். அரித்த பாடியை முழுசாக மீட்பது கஷ்டம். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, சக்கர வளைவு, கால்மிதி மேட்டுக்கு அடியில் உள்ள தரை, பானட்டுக்குள் ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடம் எல்லாம் விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய ஃபிரிட்ஜ் காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். (பம்பரில் வைத்துப் பயந்துவிடாதீர்கள், அது பிளாஸ்டிக்.)

சென்னை வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளிப்பக்கத்தைக் கழுவியவர்கள் சுருளின் உள்ளே படிந்த சேற்றைக் கழுவியிருக்க மாட்டார்கள். சீட் தண்டவாளத் துருவும் ஸ்டெப்னி குழியும் அடுத்த சாட்சிகள்.

ஓட்டும்போது நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக் டக் என்றால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு.

சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான், அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கேளுங்கள். டெல்லி நம்பர் டீசல் மலிவாகக் கிடைப்பதற்கு, அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு வந்த தடைதான் காரணம். வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவைப்படும் படிவம் 28 என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்து விழும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.