பாவித்த பேஸ் ட்ரம் பெடல் வாங்கும்போது எங்கே தொட்டுப் பார்ப்பது?

இக்மன் இணைய விற்பனைத் தளத்தின் விளம்பரப் படத்தில் எந்தப் பெடலும் பளபளக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மிதித்ததும் ட்ரமை அடிக்கும் சுத்தியல் போன்ற பீட்டர், அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இரண்டும் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. பீட்டரைத் தாங்கிச் சுழலும் தேய்ந்த அச்சும் புரி போன துவாரங்களும்தான் பிறகு காசைத் தின்னும். அவற்றைத்தான் சோதிக்க வேண்டும்.

போகும்போது ட்ரம் கீ (ட்ரமின் சதுரத் தலை போல்ட்களைத் திருகும் சாவி), ஒரு பழைய துணி, சிறிய பலகைத் துண்டு கொண்டுபோங்கள். விற்பவரிடம் ட்ரம் இல்லாவிட்டால் பெடலைப் பலகையில் பூட்டிப் பார்க்கலாம்.

1. பெடலை டைல் தரையில் வைத்து நான்கு மூலைகளையும் விரலால் அழுத்துங்கள். ஒரு மூலை எழும்பினால் அடித்தட்டு வளைந்திருக்கிறது. அடித்தட்டு இல்லாத, கம்பியால் இணைத்த பெடலென்றால், கம்பி நுழையும் துவாரங்கள் பெருத்திருக்கின்றனவா பாருங்கள். பெருத்திருந்தால் மிதிக்கும்போது குதிப்பக்கம் இடம் வலமாக அலையும்.

2. இனி அச்சு. அவசரப்படாதீர்கள், முக்கியமான இடம் இதுதான். பீட்டர் தண்டைப் பிடித்து இடம் வலமாகவும், அச்சை மேலும் கீழுமாகவும் அசையுங்கள். "டக் டக்" என்று தட்டுப்பட்டால் பெயரிங் தேய்ந்துவிட்டது. பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரிந்தால் உள்ளே கறள். கொழும்புக் கரையோர உப்புக்காற்றில் மூடாமல் கிடந்த பெடல்களுக்கு இது வழமையான நோய். பெயரிங் மட்டும் போயிருந்தால் அதன் பக்கத்தில் பொறித்த இலக்கத்தோடு கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடலாம். பெயரிங் உட்காரும் துவாரமே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், திருத்துவது வீண்.

புது எண்ணெய் வழிந்துகொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். சத்தத்தை மறைக்க அது நல்ல வழி. துணியால் துடைத்துவிட்டு மறுபடி அசைத்துக் கேளுங்கள்.

3. ஸ்பிரிங்கை மாட்டி, பீட்டரைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். நல்ல பெடலில் அது பல தடவை முன்னும் பின்னும் ஆடி ஓயும். இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றால் எங்கோ உராய்வு. அச்சு சுகமாகச் சுழன்றதென்றால், காரணம் குதிப்பக்கக் கீலோ சங்கிலியோதான்.

4. சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக மடித்துப் பாருங்கள். மடங்க மறுக்கும் கண்ணி மிதியில் துள்ளலாகத் தெரியும். சங்கிலிக்குப் பதிலாகப் பட்டி உள்ள வகையென்றால் துவாரத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

5. ட்ரம் கீயால் பீட்டரைப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றிப் பூட்டுங்கள். சதுரத் தலை உருண்டிருந்தாலோ, இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ பீட்டர் வாசிப்பின் நடுவில் வழுகும். போல்ட் மாற்றலாம், அச்சிலுள்ள புரி போனால் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பெடலை ட்ரம் வளையத்தோடு பிடிக்கும் கிளாம்ப்பில் இறப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் இரும்பு ட்ரம் வளையத்தைக் கடிக்கும்.

6. பூட்டி ஐந்து நிமிடமாவது மிதியுங்கள். மெதுவாக, பிறகு வேகமாக. முடிந்ததும் ஸ்பிரிங் நட்டைத் தொட்டுப் பாருங்கள், தானாக இளகியிருந்தால் பூட்டு நட் இல்லை அல்லது புரி தேய்ந்திருக்கிறது. நட்டைக் கடைசிவரை இறுக்கியும் மிதி தொளதொளவென்றிருந்தால் ஸ்பிரிங் நீண்டுவிட்டது. அதை மட்டும் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

இரு கால்களாலும் மிதிக்கும் இரட்டைப் பெடலென்றால், இரண்டையும் இணைக்கும் தண்டின் இரு முனை மூட்டுகளிலும் ஆட்டம் பாருங்கள். முதல் பெடலாக வாங்குபவருக்கு இரட்டைப் பெடல் தேவையில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

தமா, பேர்ள், யமஹா போன்றவற்றின் சாதாரண ஒற்றைச் சங்கிலிப் பெடலே போதும். அதே மொடலின் புது விலையைக் கடையில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பாதிக்கு மேல் கேட்டால் புதிதே வாங்கலாம்.