பன்றியின் தமனி வலைப்பின்னலில் ரத்தக்குழாயை அடைக்கும் திரவ மருந்தைச் சோதிப்பது எப்படி?

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே தொடங்குங்கள். முழு மயக்கத்திலுள்ள பன்றியின் தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, மண்டையடியிலுள்ள ரீட்டி மிராபைல் எனும் நுண்தமனி வலைப்பின்னலுக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். மருந்தைக் கரைத்திருக்கும் டிஎம்எஸ்ஓ எனும் கரைப்பானைத் தாங்கும் குழாய்தான் வேண்டும். மற்றவை இளகிக் கெட்டுவிடக்கூடும்.

ஈவிஓஹெச் எனும் அந்தத் திரவ மருந்தின் குப்பியைக் குலுக்கியில் 20 நிமிடமாவது வையுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். அதில் கலந்துள்ள டான்டலம் உலோகத்தூள் அடியில் தங்கிவிட்டால் எக்ஸ்ரே திரையில் மருந்து போகுமிடமே தெரியாது.

குழாயைச் சலைனால் கழுவி, அதன் உட்கொள்ளளவுக்கு மட்டும் டிஎம்எஸ்ஓ நிரப்பி, பிறகு மருந்தை நிமிடத்துக்கு 0.16 மி.லி. வேகத்தில் தள்ளுங்கள். முதலில் வெளியேறுவது டிஎம்எஸ்ஓ; அது வேகமாகப் பாய்ந்தால் தமனி சுருங்கும், சுவர் திசு அழியும். மருந்து பின்னொழுகினால் உடனே நிறுத்துங்கள், அதிகபட்சம் 2 நிமிடம். ஒழுகல் 1 செ.மீ. தாண்டினால் குழாய் உள்ளேயே ஒட்டிக்கொள்ளக்கூடும்.