கிழமைக் கடனும் போகக் காசும்: வன்னி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் காசு வருகிற காலம் வேறு, காசு கேட்கிற காலம் வேறு. மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல்லை மாசி, பங்குனியில் வெட்டினால் ஒரு முறை கையில் காசு புழங்கும். இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ தண்ணீர் நின்று கோடைச் சிறுபோகமும் செய்ய முடிந்தால் ஆவணி அளவில் இன்னொரு முறை. ஆனால் பிள்ளையின் ரியூசன் காசும் கடையில் கடனுக்கு எழுதிய கொப்பிக் கணக்கும் மாதாமாதம் வரும். கடன் கொடுத்தவர் கிழமைக்குக் கிழமை, அதாவது வாரா வாரம், வருவார். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சில வருடம் கணக்கெழுதினேன். அங்கே என் மேசைக்கு முன்னால் அழுதவர்களில் ஊதாரி என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பிழையான காசால் நிரப்பியவர்கள்தான் எல்லோரும்.

முதல் தவறு, கடனின் விலையைத் தவணையில் பார்ப்பது. "கிழமைக்கு ஆயிரத்து இருநூறுதானே, சமாளிக்கலாம்" என்று ஒரு அக்கா சொன்னார். ஐம்பதாயிரம் ரூபா, 52 கிழமை, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா வட்டி. வருடத்துக்கு 24 வீதம் என்று அட்டையில் எழுதியிருந்தது. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். வட்டி 12,000, முதலோடு 62,000, அதை 52 ஆல் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192. இதுவரை சரி. ஆனால் அந்த ஐம்பதாயிரம் முழுவதும் வருடம் முடியும்வரை அவர் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆறு மாதம் போனால் ஏறத்தாழ பாதிதான் மீதி. சராசரியாகப் பார்த்தால் அவர் வருடம் முழுக்க வைத்திருந்தது ஏறத்தாழ 27,000, அதற்குக் கொடுத்தது 12,000. சரியாகக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 44 வீதம் வருகிறது. அங்கத்துவக் காசு, காப்புறுதிக் காசு என்று முதலிலேயே இரண்டாயிரம் கழித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் கூடும்.

அதனால் கடன் எடுக்கப் போகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வட்டி முழு முதலுக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா? கையில் எவ்வளவு தருவீர்கள், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? இதற்கு வாயால் பதில் சொல்லிக் கடதாசியில் எழுதித் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

வட்டியைவிட ஆபத்தானது தவணையின் காலம். நெல்லை நம்பி எடுத்த கடனுக்குக் கிழமைத் தவணை என்றால், பயிர் பச்சையாக நிற்கும்போதே கடன் கட்டத் தொடங்க வேண்டும். காசு இல்லை. அதனால் இரண்டாவது இடத்தில் எடுத்து முதல் இடத்துக்குக் கட்டுவார்கள், பிறகு மூன்றாவது. குழுக் கடன் என்றால் பக்கத்து வீட்டு மச்சாளும் பிணை நிற்பார். ஒருவர் விழும்போது ஐந்து வீடு விழும், அதோடு ஐந்து வீட்டுக்கும் பேச்சு வார்த்தையும் நின்றுபோகும். இந்த நிலைமை எவ்வளவு பரவியதென்றால், 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற பெண்களின் கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வருட வட்டி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் அப்போது அறிவித்தார்கள். உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விவசாயக் கடனை அறுவடைக்குப் பிறகு ஒரே தடவையில் கட்டுகிற மாதிரிக் கேளுங்கள். அரச வங்கிகளில் பயிர்ச்செய்கைக் கடன் அப்படிக் கிடைக்கும்.

நெல் விற்பதிலும் இதே இடைவெளிதான் ஆளை அடிக்கிறது. எல்லோருடைய வயலிலும் வெட்டு மெசின் ஒரே கிழமையில் இறங்கும். எல்லோரும் ஒரே நாளில் விற்க நின்றால் விலை விழத்தான் செய்யும். பசளையைக் கடனுக்குத் தந்த முதலாளி களத்திலேயே ஈர நெல்லை ஏற்றிக்கொண்டு போவார், அந்த விலையைப் பேச எங்களிடம் வாயும் இருக்காது. 2025 மாசியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது. ஆனால் அது காய்ந்த நெல்லுக்கு, 14 வீத ஈரப்பதனுக்கு. முழு நெல்லையும் காயவைக்க இடமில்லாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கையாவது காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டு நெல்லையும் விற்றுவிட்டு ஐப்பசியில் கடை அரிசி வாங்குவது எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய வீட்டு நட்டம்.

நகை விஷயத்தில் வெளியூரிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தங்கத்தில் காசை முடக்காதீர்கள் என்பார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியாகக் கையில் ஒரு பையோடு நின்ற சனத்துக்கு, மடியில் முடிந்து கொண்டுபோன இரண்டு பவுண் தான் சோறு போட்டது. 1994 இல் புலிகள் தொடங்கிய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் போட்ட காசு போர் முடிந்த 2009 உடன் திரும்பி வராமல் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே நகை வைத்திருப்பது தவறில்லை. விதைப்புச் செலவுக்கு வங்கியில் அடகு வைத்து நெல் விற்றதும் மீட்டால், கிழமைக் கடனைவிட அது எவ்வளவோ மலிவு. எதற்காக வைக்கிறோம் என்பதில்தான் தவறு வரும். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுச் சாப்பாட்டுக்கும் வீடியோவுக்கும் வைத்த காப்பு திருப்பி உழைத்துத் தராது. வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்து, மறுபடி வைத்து, கடைசியில் ஏலத்துக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து அண்ணை அனுப்புகிற காசை நம்பி மாதத் தவணை போடுவதும் இப்படித்தான். அவருக்கு அங்கே வேலை போனால் இங்கே லீசிங்கில், அதாவது தவணைக்கு, எடுத்த மோட்டார் சைக்கிளும் போகும்.

வங்கியே வேண்டாம் என்று காசை அலுமாரியில் வைப்பவர்களும் உண்டு. 2022 புரட்டாதியில் பொருட்களின் விலையேற்றத்தை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தின வருடத்தைவிட 69.8 வீதம் உயர்ந்து நின்றது. ஒரு வருடத்துக்கு முன் அலுமாரியில் வைத்த ஒரு இலட்சம், அப்போது ஏறத்தாழ 59,000 ரூபாவுக்கு வாங்கியதைத்தான் வாங்கும். தாளில் ஒன்றும் குறையவில்லை, தாளின் பலம் குறைந்துவிட்டது. கூலியும் அப்படித்தான். நாட்கூலி 1,500 இலிருந்து 2,000 ஆனபோது கூடிவிட்டது என்று சந்தோசப்பட்டவர் உண்மையில் முன்பு 1,200 ரூபாவுக்கும் குறைவாக வாங்கிய பலத்தைத்தான் கையில் பிடித்தார். வங்கி வட்டியும் அந்த வருடம் இதை ஈடுசெய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சாதாரண காலத்தில் வட்டி ஒரு பகுதியையாவது காப்பாற்றும். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. மாதம் பத்து வீதம் தருகிறோம் என்று வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு அந்த உரிமமும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

கடைசியாக வேலை. மேசன் வேலைக்கு நாள் 3,000, ஆடைத் தொழிற்சாலையில் மாதம் 35,000 என்றால், மூவாயிரத்தை முப்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொழிற்சாலையைத் தட்டிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் எத்தனை நாள் வேலை நடக்கும்? வருடத்தில் உண்மையில் வேலை கிடைத்த நாளைக் கலண்டரில் புள்ளி போட்டு எண்ணிப் பன்னிரண்டால் பிரியுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். மேசன் வேலைதான் கூட என்று வரலாம், வந்தால் அதையே செய்யுங்கள். ஆனால் மாதச் சம்பளத்தின் பக்கத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழிக்கிறார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் தனி, அதுவும் முதலாளியின் காசு. எட்டு வீதம் வெட்டுகிறார்கள் என்று கோபப்பட்டு ஆறு மாதத்தில் வேலையை விட்டு, அங்கத்துவ இலக்கத்தையும் தொலைத்துவிட்டு வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதிக் காசைக் கேட்டு எடுக்கலாம். சம்பளத் துண்டுகளையும் அந்த இலக்கத்தையும் அடையாள அட்டைப் பிரதியோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள், வேலை மாறும்போது புது இடத்தில் அந்த இலக்கத்தைக் காட்டுங்கள்.