2022இன் கணக்கை வைத்துப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் நிதித் தரவுப் பகுப்பாய்வு வகுப்பு எடுப்பவர், விலையும் டொலரும் ஒன்றாக எகிறிய 2022ஐத் தொடாமல் போக முடியாது. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்களும் ஒவ்வொரு மாணவர் தொகுதியிலும் அதேதான். எக்செல்லில் திகதி புரள்வது, தொகையோடு ‘ரூ.’ ஒட்டிக்கொண்டு கூட்டல் வராமல் போவது போன்றவை இங்கே வேண்டாம். அவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். சூத்திரம் சரியாக ஓடி, முடிவு மட்டும் தலைகீழாக வரும் தவறுகள்தான் ஆபத்து.

ரூபாயில் கூடியதை வளர்ச்சி என்று எழுதுவது

ஒரு பலசரக்குக் கடையை எடுப்போம். 2021 செப்டெம்பர் விற்பனை 10 இலட்சம். 2022 செப்டெம்பரில் 15 இலட்சம். மாணவர் ‘50 சதவீத வளர்ச்சி’ என்று எழுதிப் பச்சை அம்புக்குறியும் போடுவார். பொருள்களின் விலை மட்டத்தை ஒரே எண்ணாகக் காட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்ட பணவீக்கம் 69.8 சதவீதம். கடை சுருங்கியிருக்கிறது.

பணவீக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்றால் 50இல் 69.8ஐக் கழித்து –19.8 என்பார்கள். எரிச்சல் வருவது இங்கேதான்: இந்தக் கழித்தலை மாணவர் கண்டுபிடிக்கவில்லை, பயிற்சிக் குறிப்புகளிலேயே கொடுத்தனுப்புகிறார்கள். பணவீக்கம் 4, 5 என்று இருக்கும்வரை அந்தக் குறுக்குவழி கிட்டத்தட்டச் சரியாக வரும். 69.8க்கு வராது. வகுக்க வேண்டும்: 1.50 ÷ 1.698 = 0.883. உண்மைச் சரிவு 11.7 சதவீதம்.

அதோடும் நிற்கக்கூடாது. கடை விற்பது பெரும்பாலும் உணவு. அந்த மாத உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 1.50 ÷ 1.949 போட்டால் சரிவு 23 சதவீதமாகிறது. எந்தச் சுட்டெண்ணால் வகுக்கிறோம் என்பதை அட்டவணைக்கு மேலேயே எழுத வையுங்கள்.

ஷீட்டில் நான்கு நிரல் போதும்: மாதம், ரூபாய் விற்பனை, அந்த மாதச் சுட்டெண், உண்மை விற்பனை. கடைசி நிரல் = விற்பனை ÷ அந்த மாதச் சுட்டெண் × அடிப்படை மாதச் சுட்டெண் (எந்த மாத விலையில் ஒப்பிடுகிறோமோ அந்த மாதத்தினது). பணவீக்கச் சதவீத நிரலைப் பதிவிறக்காதீர்கள், சுட்டெண்ணின் அளவையே பதிவிறக்குங்கள். ஆண்டுத் தொகை வேண்டுமென்றால் மாதம் மாதமாக வகுத்த பிறகே கூட்ட வேண்டும். 2022 ஜனவரி ரூபாயும் டிசம்பர் ரூபாயும் ஒரே ரூபாய் இல்லை.

இலாபத்தில் இது இன்னும் மோசம். 200க்கு வாங்கிய பொருளை 300க்கு விற்றால் ஏட்டில் 100 இலாபம். அதே பொருளை மறுபடி வாங்க 320 கேட்கிறார்கள். அந்த 100ஐ வீட்டுச் செலவுக்கு எடுத்த முதலாளியின் இறாக்கை மாதத்துக்கு மாதம் காலியாகும், கணக்கு மட்டும் இலாபம் காட்டிக்கொண்டிருக்கும். மீள்கொள்வனவு விலைக்கு ஒரு நிரல் கட்டாயம்.

அடிப்படை ஆண்டு மாறியதைக் கவனியாமல் ஒட்டுவது

2023 தொடக்கத்தில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு, அதாவது 100 என்று வைக்கும் ஆண்டு, 2013இலிருந்து 2021க்கு மாறியது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் வரைபடம் ஒரே மாதத்தில் பள்ளத்தில் விழும். மாணவர் அதற்கும் ஒரு காரணம் எழுதுவார்! இரண்டு தொடரிலும் உள்ள ஒரு மாதத்தை எடுத்து, பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தால் புதிய தொடரைப் பெருக்குங்கள்.

‘பணவீக்கம் 1.3, ஆகவே விலை இறங்கிவிட்டது’

இல்லை. 2023 செப்டெம்பரின் 1.3 சதவீதம் முந்தைய ஆண்டின் உச்ச விலைக்கு மேல் ஏறியது. 1.698 × 1.013: இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 72 சதவீத ஏற்றம்.

2022ஐ விதிவிலக்கு என்று நீக்குவது

நீக்காதீர்கள். கடன் கொடுக்கிறவர் முதலில் கேட்பதே அந்த ஆண்டைத்தான்.

2022இன் போக்குக் கோட்டை வரும் ஆண்டுகளுக்கு நீட்டுவது

வேண்டாம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே டொலர் வீதம்

2022 மார்ச் 7 வரை டொலர் 200 ரூபாயை ஒட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நடுவில் விழும் ஆண்டுச் சராசரியில் உண்மையில் வாங்கி விற்ற நாட்கள் சொற்பம். ஆகவே மாதச் சராசரியால் பெருக்குங்கள். மார்ச் மாதத்தை 7ஆம் திகதியில் இரண்டாக உடையுங்கள். அதற்கு முந்தைய மாதங்களில் உத்தியோகபூர்வ வீதத்தை மட்டும் நம்பவும் கூடாது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் கொடுத்த வீதம் அதைவிட மேலே இருந்தது.

நிதியாண்டு முடிவையும் பாருங்கள். மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் நிறுவனத்தின் 2021/22 வருமானத்தில் பெரும்பகுதி 200 ரூபாய் டொலர்க் காலத்தது. ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் அறிக்கையில்) உள்ள டொலர்க் கடனோ இறுதி நாள் வீதத்தில், 300ஐ நெருங்கி நிற்கும். கடனை வருமானத்தால் வகுத்தால் நிறுவனம் புதிதாக ஒரு சதமும் கடன் வாங்காமலே விகிதம் எகிறும். டிசம்பரில் முடிக்கும் போட்டி நிறுவனத்தோடு அதை ஒரே வரிசையில் வைக்க வேண்டுமென்றால், இரண்டினதும் காலாண்டு அறிக்கைகளை எடுத்து ஒரே பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.